அளவையும் மொழியும்: இளையோர் உளநலம் பற்றி ஒரு மதிப்பீடு

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, இடைநிலைப்பள்ளி மாணவரிடையே மனச்சோர்வை 2017இல் 18.3 விழுக்காடாகவும் 2022இல் 26.9 விழுக்காடாகவும் காட்டிற்று. முன்னதற்கு டாஸ்-21, பின்னதற்குப் பி.எச்.கியூ-9 என அளவைக் கருவியே மாறியபின், இரண்டையும் நேர்நிறுத்தி ‘உயர்வு’ என்பது பொருந்தாது.

எம் ஐயம் அதனினும் பெரிது. வினாநிரல் மலாயில் அமைந்தது. செமோர் போன்ற பழைய தோட்டப்புற ஊர்களின் தமிழ் மாணவன் மலாயில் பிழையற எழுதக்கூடும். துயரை மட்டும் ‘நெஞ்சை அடைக்குது’, ‘தலை பாரமா இருக்கு’ என்றே வீட்டில் சொல்வான். பி.எச்.கியூவின் ஒன்பது வினாக்களுள் நெஞ்சுக்கும் தலைக்கும் இடமில்லை. அவன் குறைந்த மதிப்பெண் பெற்றுக் கவனத்திலிருந்து நழுவுகிறான். ஹராரேயில் 2006இல் தோன்றிய ‘நட்பு இருக்கை’த் திட்டமோ, ‘மிகையாக எண்ணுதல்’ எனப் பொருள்படும் ஷோனாச் சொல்லாகிய ‘குஃபுங்கிசிசா’விலிருந்தே தொடங்கியது, பயிற்சிபெற்ற பாட்டிமார் செவிமடுத்தனர். நம் ஆலோசகர் வினாத்தாளை நீட்டுமுன், ‘இதை வீட்டில் எப்படிச் சொல்வாய்?’ என்று கேட்கலாம்.