பழைய ஏ.சி.யும் கேஸ் விதிகளும்

“உங்க ஏ.சி.யில இருக்கிற கேஸை கவர்மென்ட் நிறுத்திட்டாங்க சார், புதுசு வாங்கிடுங்க.” பழுது பார்க்க வந்தவர் இப்படிச் சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை.

பல பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி அதைப் படிப்படியாகக் கைவிட்டுவரும் இந்தியா, 2025 முதல் புதிய ஏ.சி. தயாரிப்பில் அதற்கு இடமில்லை என்றாக்கிவிட்டது. ஆனால் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஏ.சி.யை எந்த விதியும் நிறுத்தச் சொல்லவில்லை. பழுது பார்ப்பதற்கென்று 2030க்குப் பிறகும் சிறிதளவு ஆர்-22க்கு உடன்பாட்டில் இடமுண்டு. வரத்து குறையக் குறைய விலை ஏறும். உரிமையாளர் தலையில் நேரடியாக விழும் சுமை அதுதான்.

புதிய ஏ.சி.களில் வரும் ஆர்-32 வாயு உள்ள ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையும் இப்போதைக்கு வேண்டாம். அதே உடன்பாட்டின் 2016 கிகாலி திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களுக்கு இந்தியாவில் உச்சவரம்பு வருவதே 2028இல்தான். முதல் 10 சதவீத வெட்டு 2032இல். இந்தக் கால அட்டவணை நியாயமானது. ஒரு ஏ.சி.யின் ஆயுளுக்குள் யாரையும் அது திண்டாட விடவில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆனால் கோடைதோறும் கசிவைத் தேடாமலே ‘கேஸ் சார்ஜ்’ செய்து பணம் வாங்கிப் போகிறார்கள். கசிந்துபோகும் ஒரு கிலோ ஆர்-22, ஏறத்தாழ 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கும். ஏ.சி.யை இடம் மாற்றும்போது குழாயைத் திறந்து மொத்தத்தையும் காற்றில் விடுவதும் நடக்கிறது. இதே வாயுவைத் தெரிந்தே வெளியேற்றுவது அமெரிக்காவில் 1992 முதல் சட்டவிரோதம். சான்றிதழ் பெறாதவர் அங்கே அந்த வேலையில் கைவைக்க முடியாது. நம் ஊரில் கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் மீட்புக் கருவியோடு வரும் மெக்கானிக்கைப் பார்ப்பதே அரிது. ஆலையிலும் துறைமுகத்திலும் கிலோ கணக்கு பார்க்கும் விதி, நம் பால்கனி வரை வந்து சேரவில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆர்-22 கிடைக்கவில்லை என்று அதே இயந்திரத்தில் ஆர்-32ஐ ஏற்ற யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அதன் அழுத்தம் மிக அதிகம், அதற்கான கம்ப்ரசர் எண்ணெய் வேறு, ஓரளவு தீப்பற்றும் தன்மையும் அதற்கு உண்டு.

ஆகவே என் தீர்ப்பு: விதியின் நோக்கமும் வேகமும் சரி, பழுது பார்ப்பவரின் பயிற்சியையும் கருவியையும் கட்டாயமாக்காதவரை அது அரைகுறை. கம்ப்ரசரோ காயிலோ போய்விட்ட ஆர்-22 ஏ.சி.க்கு மேலும் செலவழிக்க வேண்டாம். சின்னக் கசிவுதான் என்றால் அடைத்து ஓட்டுங்கள். கேஸ் ஏற்றும் முன் நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது சிலிண்டரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.