பொருந்தினால் போதுமா? டாக் என்ற பொருளைப் பற்றி ஒரு திறனாய்வு

வகுப்பில் திறனாய்வு என்றால் நமக்குச் சிறுகதை, கவிதை, போனால் போகட்டும் என்று ஒரு குறும்படம். அதோடு நின்றுவிடுகிறோம். மேசைமேல் கிடக்கும் ஒரு பொருளையும் அதே கண்ணோடு பார்க்கலாம்: செய்தவர் யாரை மனத்தில் வைத்துச் செய்தார், எதில் அக்கறை காட்டினார், எதை ஒப்பேற்றினார் என்று. இந்த முறை நான் எடுத்துக்கொண்டது டாக். கைக்கணினியையோ திறன்பேசியையோ விளையாட்டுக் கருவியையோ செருகி உட்கார வைத்தால் சார்ஜும் ஏற்றி, பெரிய திரையோடும் விசைப்பலகையோடும் இணைத்துவிடுகிற அந்தப் பெட்டி. கப்பல் அணையும் இடத்தின் பெயரை ஆங்கிலம் இதற்கு எடுத்துக்கொண்டது. நாமும் 'துறை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பாடத்துறையும் அரசாங்கத் துறையும் எப்போதோ பிடித்துக்கொண்டன. அதனால் டாக் என்றே எழுதுகிறேன்.

தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் 2021 முடிவுக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் வந்துவிட்டது. எடுசேவ் பணத்தில் வாங்கியவர்கள் உண்டு; பெற்றோர் மாதாமாதம் கட்டி வாங்கியதும் உண்டு. அந்தச் சாதனத்தைக் கொண்டுவந்து மலிவான டாக் ஒன்றில் செருகி, "உன் வாய்மொழிப் பதிவைத் திரையில் காட்டு" என்று சொல்வது நாம்தான். சாதனம் பிள்ளையுடையது, டாக் நம்முடையது. செருகியதில் அது செத்துப்போனால் யார் பொறுப்பு? அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் டாக்கைக் கொஞ்சம் படித்துவிடுவது நல்லது.

தொடக்கத்தில் டாக் அப்பாவியாகத்தான் இருந்தது. 1996-ல் வந்த 'பைலட்' கைக்கணினியை, பிற்காலத்தில் பாம் பைலட் என்று எல்லாரும் சொன்னதை, உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு தொட்டில் இருந்தது. தொட்டிலில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் நாள்காட்டியும் முகவரிகளும் கணினியோடு சரிபார்த்துக்கொள்ளும். மின்சாரம் எதுவும் கொடுக்காது. கருவி ஓடியது இரண்டு சின்ன பேட்டரியில். பேச்சு மட்டும்தான் உறவு, ஆகவே ஆபத்தும் அவ்வளவாக இல்லை. 2003-ல் ஐபாட் 30 முனை இணைப்பியோடு வந்தபோது மின்சாரம், ஒலி, தரவு மூன்றும் ஒரே வாய்க்குள் நுழைந்தன. அந்த வாய்க்காகவே ஊரெல்லாம் ஒலிபெருக்கிகள் செய்தார்கள். 2012-ல் ஐஃபோன் 5 வேறு வாயோடு வந்தது. அத்தனை ஒலிபெருக்கிகளும் அனாதையாயின. அது பணநட்டம்தான், ஆபத்தில்லை. பழைய வாயில் புதிய கருவி நுழையவே நுழையாது. பொருந்தாமல் போவதும் ஒரு பாதுகாப்புதான் என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது.

ஏன் என்றால் 2014-ல் வெளியான யூஎஸ்பி-சி வந்த பிறகு எல்லாம் எல்லாவற்றிலும் நுழைகிறது. திறன்பேசி, கைக்கணினி, மடிக்கணினி, விளையாட்டுக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரே வாய். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் திறன்பேசிக்கும் கைக்கணினிக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வடிவம் ஒன்றானதால், 'நுழைகிறது, அப்படீன்னா சரியாத்தான் இருக்கும்' என்று கை நம்பிவிடுகிறது. கை நம்புவதை உள்ளே இருக்கும் மின்சுற்று காப்பாற்றியாக வேண்டும். நான் டாக்கை மதிப்பிடுவது இந்த ஒரு அளவுகோலால்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தரநிலைப்படி செய்த டாக்கின் வாயில் கருவியைச் செருகுவதற்கு முன் மின்சாரமே இருக்கக் கூடாது. 24 தொடுமுனைகளில் 'சிசி' என்று ஒரு முனை இருக்கிறது. அதுதான் காவல்காரன். கருவிக்குள் அந்த முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று உட்கார்ந்திருக்கும். செருகியதும் டாக் அதை உணர்கிறது: 'ஓ, மின்சாரம் வாங்கும் ஆள் வந்திருக்கிறார்.' அப்புறம்தான் 5 வோல்ட் தருகிறது. பிறகு அதே முனை வழியாகவே பேரம் நடக்கிறது. 'என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது, எது வேண்டும்?' என்று தருபவர் சொல்ல, 'எனக்கு 15' என்று கருவி கேட்க, 'சரி, இரு' என்று சொல்லிவிட்டுத்தான் மின்னழுத்தம் உயரும். கேட்காததைக் கொடுக்கக் கூடாது. கருவியை எடுத்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். தாலுகா அலுவலகத்தைவிட ஒழுங்கான நடைமுறை. என்ன, ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சை யாராவது தப்பாக எழுதினால்? கூகிள் பொறியாளர் பென்சன் லியுங்கை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவரும் ஒரு திறனாய்வாளர்தான். 2015-ல் அமேசானில் விற்ற யூஎஸ்பி-சி கம்பிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, வாடிக்கையாளர் விமர்சனமாகவே எழுதினார். பழைய யூஎஸ்பி வாயையும் புதிய வாயையும் இணைக்கும் கம்பியில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். பலர் 10 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். அதன் பொருள் என்ன தெரியுமா? 56 என்றால் 'மறுமுனையில் இருப்பவர் ஏழை, கொஞ்சமாகக் கேள்'. 10 என்றால் '3 ஆம்பியர்வரை தாராளம்'. பொய் சொல்லும் கம்பி. அதை நம்பி மறுமுனையில் உள்ள பழைய கணினியின் வாயிலிருந்து கருவி தாங்க முடியாத அளவு இழுத்துவிடும். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கம்பியில் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறியே இருந்தன. அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினி அதில் செத்துப்போனது. அடுத்த மாதமே அமேசான் தரநிலைக்கு ஒத்துவராத யூஎஸ்பி-சி கம்பிகளை விற்கத் தடை போட்டது. விமர்சனம் எழுதி இவ்வளவு பலன் கண்டவர்கள் நம் இலக்கிய உலகில்கூட குறைவு.

இப்போது டாக்குக்கு வருவோம். உங்கள் மாணவர்களுக்கு மிகவும் பழக்கமான டாக், 2017 மார்ச் 3-ல் வந்த நின்டெண்டோ சுவிட்ச்சினுடையது. கருவியை மேலிருந்து உள்ளே இறக்கினால் தொலைக்காட்சியில் படம் வந்துவிடும். கை வேலை என்ற அளவில் இதை நான் மனமாரப் பாராட்டுவேன். இணைப்பி அடியில் மறைந்திருக்கிறது. அது கருவியின் வாயைத் தொடுவதற்கு முன்பே இருபக்கச் சுவர்கள் கருவியைப் பிடித்து நேராக்கிவிடுகின்றன. பத்து வயதுப் பையன் பார்க்காமலேயே போட்டாலும் சரியாக உட்காரும். இது சின்ன விஷயமில்லை. யூஎஸ்பி-சி வாயின் அகலம் 8 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஒரு வரிசைக்கு 12 முனைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர். 20 வோல்ட்வரை போகக்கூடிய முனைக்கு அடுத்த வீடுதான் அந்தக் காவல்காரன் சிசி. அவனோ 5 வோல்ட் பேர்வழி. கோணலாகச் செருகி, கோணலாக இழுத்தால் பக்கத்து வீட்டு மின்சாரம் இவன்மேல் பாய வாய்ப்பிருக்கிறது. ஆகவே சுவர் வெறும் அலங்காரமில்லை, பாதுகாப்பில் பாதி.

குறையும் உண்டு. கருவியின் முகம் பிளாஸ்டிக். டாக்கின் சுவரும் பிளாஸ்டிக். திரையில் கீறல் விழுகிறது என்று வாங்கியவர்கள் முதல் மாதத்திலிருந்தே புலம்பினார்கள். ஆனால் அதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. உலகப் பொதுவான வாயை வைத்துக்கொண்டு, உள்ளே பேசும் முறையில் இந்தக் கருவி தரநிலையிலிருந்து விலகி நடக்கிறது என்று பொறியாளர்கள் பலர் எழுதினார்கள். வாய் பொது, பாஷை தனி! வேறு நிறுவனங்களோ அந்த வாயைப் பார்த்துவிட்டுச் சின்னதாக, மலிவாக, பைக்குள் போடும்படி டாக் செய்து விற்றன. 2018 மார்ச்சில் கருவிக்கு 5.0.0 என்ற மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. அதன் பிறகு, பிறர் செய்த டாக்கில் வைத்திருந்த கருவிகள் உயிரிழந்துவிட்டன என்று பலர் புகார் செய்தார்கள். உரிமம் பெறாத துணைக்கருவிகளைப் பயன்படுத்தாதீர்கள் என்றது நின்டெண்டோ.

இதில் யார் குற்றவாளி? வடிவத்தை மட்டும் காப்பியடித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம். அடுத்தவர் கட்டுரையின் முதல் பத்தியை எழுதிவிட்டுக் கருத்தை விட்டுவிடும் மாணவனைப் போன்ற வேலை அது. ஆனால் முதல் நிறுவனத்தையும் நான் விடமாட்டேன். தனிப்பாஷைதான் பேசுவேன் என்றால் தனி வாய் வைத்திருக்கலாமே. பொது வாயை வைத்தது, 'எதை வேண்டுமானாலும் செருகு' என்று கைக்குச் சொல்வதாகும். அட்டையில் 'செருகாதே' என்று எழுதுவதால் கைக்குச் சொன்னது அழிந்துவிடாது.

தவறு செய்தாலும் எந்தப் பக்கம் சாய்ந்து தவறுகிறது என்பது இன்னொரு அளவுகோல். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை, பல பள்ளிகளின் கணினிக் கூடத்தில் இருப்பது, 2019 ஜூனில் வந்தது. டாக் அல்ல, ஆனால் வாய் அதே வாய். இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாக மின்தடை போட வேண்டிய இடத்தில் அவர்கள் ஒன்றையே பொதுவாகப் போட்டார்கள். விளைவு: உள்ளே சில்லு வைத்த உயர்தரக் கம்பியில் செருகினால், இது ஏதோ ஒலிக்கருவி என்று நினைத்துச் சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. எரிச்சல்தான், ஆனால் எதுவும் எரியவில்லை. சந்தேகம் வந்தால் கொடுக்காதே என்று தரநிலையை எழுதியவர்கள் வைத்த ஒழுங்கு வேலை செய்தது. பின்னர் வந்த பலகையில் திருத்திவிட்டார்கள். சந்தேகம் வந்தாலும் கொடுத்துவிடும் டாக்கைத்தான் அஞ்ச வேண்டும்.

பள்ளியில் நாம் வைத்திருக்கும் டாக்குகளோ வேறு மாதிரி. இருபது முப்பது கைக்கணினிகளை அடுக்கிப் பூட்டும் சார்ஜ் அலமாரிதான் நம் நாட்டில் அதிகம். இங்கே பேச்சைவிட வெப்பம் பெரிய பிரச்சினை. ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகை. நம் மதிய வெப்பம் குளிர்சாதனம் இல்லாத அறையில் 31, 32. அதாவது அலமாரிக் கதவைச் சாத்தும்போதே நம் கையில் இருப்பது மூன்று நான்கு பாகை இடைவெளிதான். காற்றோட்டத் துளை இல்லாத, இருந்தாலும் சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியை யார் வடிவமைத்திருந்தாலும் அவர் நம் ஊரை நினைத்துப் பார்க்கவில்லை. 2025-ல் வந்த சுவிட்ச் 2-இன் டாக்குக்குள் சிறு மின்விசிறியே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று உறை. கீழே போட்டாலும் உடையக் கூடாது என்று பெற்றோர் தடித்த ரப்பர் உறை மாட்டி அனுப்புகிறார்கள். அலமாரித் தட்டோ உறையில்லாக் கருவியின் அளவுக்கு. பிள்ளை அமுக்கித் திணிக்கும். இணைப்பி முக்கால்வாசிதான் உள்ளே போகும். தொடுமுனை அரைகுறையாகத் தொடும். அரைகுறைத் தொடர்பில் மின்தடை கூடும், அதில் 3 ஆம்பியர் போனால் அந்தப் புள்ளி மட்டும் சுடும். நிற்கவைக்கும் டாக்கில் வேறு சிக்கல்: ஏறத்தாழ அரைக் கிலோ கைக்கணினி அந்த ஒற்றை இணைப்பியில் சாய்ந்து நிற்கிறது, திரையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் இணைப்பி வளைகிறது. எடையை முதுகும் அடிப்பலகையும் தாங்க வேண்டும். இணைப்பி தாங்கினால், அந்த வடிவமைப்பைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

கடைசியாகப் பெட்டியின்மேல் இருக்கும் மொழி. இது நம் பேட்டை. 'அனைத்துச் சாதனங்களுக்கும் ஏற்றது' என்று இருக்கும். எந்தச் சாதனத்தில் சோதித்தார்கள் என்று இருக்காது. '100 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். டாக் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மின்னேற்றியில் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னமும் மலேசியாவின் சிரிம் முத்திரையும் இருப்பது அவசியம்தான். ஆனால் அவை அக்கறைப்படுவது சுவர் மின்சாரம் நம்மைத் தாக்காமலும் தீப்பிடிக்காமலும் இருப்பதில். டாக் கருவியோடு ஒழுங்காகப் பேசுமா என்பதற்கு அவை சாட்சி சொல்வதில்லை. அதற்கு யூஎஸ்பி அமைப்பின் சான்றிதழ் முத்திரையைத் தேட வேண்டும். உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களிடம் இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்து, எது தகவல், எது ஆசை வார்த்தை, எது சொல்லாமல் விட்டது என்று பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். விளம்பர மொழி பற்றிய பயிற்சித்தாளைவிட அரை மணி நேரம் நன்றாகப் போகும்.

உங்கள் பிரிவுக்கு டாக் வாங்க விலைப்புள்ளி வரும்போது விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கருவி கேட்பதற்கு முன் இதன் வாயில் எத்தனை வோல்ட் இருக்கும்? 'சுழியம்' என்று பதில் வந்தால் மேற்கொண்டு விலையைப் பேசலாம். 'எல்லாத்துக்கும் சரியா வரும் டீச்சர், கவலைப்படாதீங்க' என்று வந்தால், அந்தத் தாளைக் கட்டின் அடியில் வைத்துவிடுங்கள்.