பெயர் போதனைக்கு, பணம் எழுத்துக்கு

ஆராய்ச்சி செய்பவனுக்கு மானியமும் பதவியும் புகழும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, வகுப்பறையில் தொண்டை வற்றப் பேசிப் பிள்ளைகளை ஆளாக்கி அனுப்புகிறவனுக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை என்ற குறை, மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. அந்தக் குறைக்கு அங்குள்ளோர் கண்ட பரிகாரங்களுள் மிகவும் மெச்சப்படுவது, போதனையில் புலமை காட்டும் துறைகளைக் கண்டறிந்து, அந்தப் புலமையை அளந்து, அளவுக்குத் தக்கபடி நிதி வழங்குவது என்னும் ஏற்பாடு. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் சுருக்கமானது: பணம் போகும் வழியிலேயே மதிப்பும் போகும், ஆகவே போதனைக்கு மதிப்பு வேண்டுமானால் பணத்தை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், திருப்பிவிட்ட பணம் போய்ச் சேருகிற இடம் போதனைதானா என்ற கேள்வியை இந்த வாதம் கேட்டுக்கொள்வதே இல்லை.

ஆஸ்திரேலியாவில் 1850இல் நிறுவப்பட்ட ஸிட்னி சர்வகலாசாலை, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த ஏற்பாட்டை மிகவும் துணிவாகவும் ஒழுங்காகவும் நடத்திக் காட்டியது. புலமைக் குறியீடு என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் கணக்கில், ஒரு புலத்தைச் சேர்ந்த ஆசிரியர் சர்வகலாசாலைப் போதனையில் சான்றிதழ் பெற்றால் அதற்குச் சில புள்ளிகள். போதனைக்கான பரிசு பெற்றால் சில புள்ளிகள். போதனையைப் பற்றி நூலோ கட்டுரையோ வெளியிட்டால் சில. அதைப் பற்றிய மாநாட்டில் பேசினால் இன்னும் சில. எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகைக்கு ஏற்ப அந்தப் புலத்துக்கு நிதி. அப்போது அங்கே போதனைப் பொறுப்பை வகித்த பால் ராம்ஸ்டன், 2004இல் பிரிட்டனில் புதிதாக அமைந்த உயர்கல்வி அகாடமியின் முதல் தலைமை நிர்வாகியாகச் சென்றார் என்பதிலிருந்தே இத்தகைய முயற்சிகளுக்கு உலகில் எவ்வளவு மதிப்பிருந்தது என்பது விளங்கும்.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தனி ஆசிரியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல் துறை முழுவதையும் பொறுப்பாக்கியது நல்ல யோசனை. பாடம் நடத்துவதற்கும் படிப்பு உண்டு, பாண்டித்தியம் ஒன்றே போதாது என்று மூத்த பேராசிரியர்களுக்கு உணர்த்தியதும் நல்லதே. ஏஞ்செலா புரூ, பால் கின்ஸ் என்னும் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறியீட்டில் புலங்கள் காட்டிய சாதனைக்கும் அப்புலங்களின் மாணவர் தங்கள் படிப்பைப் பற்றிக் கூறும் அபிப்பிராயத்தில் ஏற்பட்ட மாறுதலுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டனர். இதையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் ஒரு சர்வகலாசாலைக்குள் அடங்கிய சில புலங்களை ஒப்பிட்டுக் கண்ட தொடர்பு அது. பிள்ளைகளிடம் அக்கறை கொண்ட புலம் நன்றாகப் பாடமும் நடத்தும், அதைப் பற்றி நாலு கட்டுரையும் எழுதும். அதனால் கட்டுரைதான் பாடத்தைத் திருத்தியது என்று சொல்லிவிட முடியுமா? சேவல் கூவுவதும் பொழுது விடிவதும் கூடவே நிகழ்கின்றன என்பதற்காகச் சேவலுக்கு மானியம் கொடுப்பார் உண்டோ?

என்னுடைய ஆட்சேபம் வேறு; அது பல காலமாக என் மனத்தில் இருந்து வருவது. அதைச் சொல்ல, போதனையும் புலமையே என்ற எண்ணம் பிறந்து வளர்ந்த கதையைச் சிறிது நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் கார்னகி நிதியத்தின் தலைவராயிருந்த எர்னஸ்ட் பாயர், 1990இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையில், புலமை என்பது புதியன காண்பது மட்டுமன்று; பல துறை அறிவை ஒருங்கிணைப்பதும், அறிவை உலகப் பிரச்சினைகளுக்குப் பயன்படுத்துவதும், பிறருக்குப் போதிப்பதும் புலமையே என்று நான்கு வகை வகுத்தார். போதிக்கும் செயலுக்குள்ளேயே ஒரு புலமை இருக்கிறது என்பது அவர் கருத்து; அது உண்மை, அழகும் கூட. அவருக்குப் பின் அதே நிதியத்தின் தலைமையை ஏற்ற லீ ஷுல்மன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆய்வுக்கூடத்தில் காண்பதை எல்லோருக்கும் அறிவிக்கும் விஞ்ஞானி, வகுப்பறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தனியனாகிவிடுகிறான். போதனையும் பலர் அறியப் பொதுவில் வைக்கப்பட்டு, சக ஆசிரியர்களின் பரிசீலனைக்கு உட்பட்டு, அடுத்தவர் எடுத்தாளத் தக்கதாக இருந்தால்தான் புலமை எனப்படும் என்றார் அவர். நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் அந்த ஒரு படியிலேதான் சறுக்கலும் நேர்ந்தது. போதிப்பது புலமை என்று தொடங்கிய கருத்து, போதிப்பதைப் பற்றி எழுதுவது புலமை என்று மாறிப்போயிற்று. நிதி வழங்கும் கணக்கர்கள் இந்த இரண்டாவதைத்தான் பற்றிக்கொண்டார்கள். ஏனென்றால் அவர்களால் எண்ண முடிந்தது அதுதான்.

பௌதிகப் பாடத்தில் தட்டுத்தடுமாறும் ஒரு மாணவி எழுதிய பரிசோதனைக் குறிப்பை எடுத்து, பிழை எங்கே தொடங்கிற்று என்று வரி வரியாகத் தேடி, அவள் மனத்தில் சிக்குண்ட ஒரு தவறான எண்ணத்தை அரைமணி நேரம் பேசி அவிழ்த்துவிடுகிற ஆசிரியருக்கு இந்தக் கணக்கில் எத்தனை புள்ளி? பூஜ்யம். அதே ஆசிரியர் அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்து, தவறான எண்ணங்களை அவிழ்ப்பது எப்படி என்று ஒரு மாநாட்டில் பேசிவிட்டு வந்தால் அவருடைய புலத்துக்குப் பணம் வரும். இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. காகிதத்தில் காட்டக்கூடியதற்கே கணக்கில் இடமுண்டு என்று விதித்துவிட்ட பிறகு, காகிதத்தில் காட்டமுடியாத காரியமெல்லாம் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்படுவது இயற்கை. போதனையிலோ மிகச் சிறந்த அம்சங்கள் யாவும் காகிதத்தில் ஏறாத ஜாதியைச் சேர்ந்தவை: கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பொறுத்திருக்கும் மௌனம், பின்வரிசையில் விளங்காமல் விழிக்கும் முகத்தைக் கண்டதும் சொல்லிக்கொண்டிருந்த உதாரணத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவும் சமயோசிதம், இருபது வருஷம் சொன்ன பாடத்தையே இன்று முதல்முறை சொல்வதுபோலச் சொல்லும் உற்சாகம். இவற்றுக்குச் சான்றிதழ் தரும் ஸ்தாபனம் எங்கே இருக்கிறது?

எழுதப்படுபவையாவது உயர்ந்தவையா என்றால், அதிலும் மனம் நிறைவதில்லை. ஒரே வகுப்பில், ஒரே பருவத்தில், ஒரு புதிய முறையைப் பிரயோகித்து, முடிவில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, மாணவர்கள் அதை விரும்பினார்கள் என்று தெரிவிக்கும் கட்டுரை இந்தத் துறையில் மலிந்து கிடப்பது. தன் சொந்தத் துறையில் ஒரு சிறு முடிவுக்கும் பத்துத் தடவை சரிபார்க்கிற இரசாயன ஆசிரியர், பழக்கமில்லாத சமூக விஞ்ஞான முறையில் அவசரமாக எதையோ எழுதிப் போடுகிறார். அதைப் படிப்பவர் அவரைப்போலவே புள்ளிக்காக எழுதும் வேறொருவர். விதிவிலக்கு உண்டு. ஹார்வர்டில் பௌதிகம் போதித்த எரிக் மஸூர் தம் மாணவர்கள் சூத்திரங்களைப் போட்டுக் கணக்கைச் செய்துவிட்டு அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு மனம் வருந்தி, தம் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். 1997இல் அதை விளக்கி எழுதிய நூல் உலகெங்கும் பௌதிக வகுப்புகளை மாற்றிற்று. ஆனால் அவரை உந்தியது தம் வகுப்பில் தாமே கண்ட தோல்வி. புலத்துக்குச் சேரும் புள்ளி அன்று. அத்தகைய நூல் எழுதத் தக்கவர் புள்ளி இல்லாமலும் எழுதுவார். புள்ளிக்காக எழுதுகிறவர் அத்தகைய நூலை எழுதமாட்டார்.

இன்னொன்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆஸ்திரேலியச் சர்வகலாசாலைகளில் முதலாண்டு மாணவர்களோடு சிறு குழுவாக உட்கார்ந்து பேசிப் பயிற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள், மணிக்கணக்கில் கூலி பெற்று, பருவத்துக்குப் பருவம் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியர்கள். போதனையின் சுமை அவர்கள் தோளில். சான்றிதழ்ப் படிப்புக்கு விடுப்போ, மாநாட்டுக்குப் பயணச் செலவோ, கட்டுரை எழுத ஓய்வோ அவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவையெல்லாம் நிரந்தரப் பதவியில் இருப்போருக்கு உரியவை. ஆக, வகுப்பை நடத்துபவர் ஒருவர், வகுப்பைப் பற்றி எழுதிப் புள்ளி சேர்ப்பவர் வேறொருவர் என்ற நிலை வருகிறது. உழுபவன் பட்டினி கிடக்க, உழவைப் பற்றிப் பாடுபவனுக்கு நெல் அளந்து கொடுப்பது போன்றது இது.

அளவு பெரிதானால் பலனும் பெரிதாகும் என்று எண்ணுகிறவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே உயர்கல்விக்கு நிதி வழங்கிவந்த குழு, 2005 முதல் 2010 வரை ஐந்தாண்டுகளில், போதனைச் சிறப்பு மையங்கள் என்ற பெயரில் 74 மையங்களுக்கு 31 கோடியே 50 இலட்சம் பவுன் செலவிட்டது. ஏற்கனவே சிறந்து விளங்கும் துறைகளுக்குப் பணம் கொடுத்தால் அவற்றின் ஒளி மற்றத் துறைகளுக்கும் பரவும் என்பது எண்ணம். கட்டடங்கள் எழுந்தன, கருவிகள் வந்தன, அறிக்கைகள் அச்சாயின. திட்டம் முடிந்தபின் அந்தக் குழுவே செய்வித்த மதிப்பீட்டில் தெரிய வந்தது, மையத்துக்கு உள்ளே இருந்தோர் பயனடைந்தனர், வெளியே பரவியது சொற்பம் என்பதே. விளக்கை ஏற்றியவர்கள் அதைக் குடத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

நமக்கும் இதில் பாடம் இல்லாமற் போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொணர்ந்த ஏ.பி.ஐ. என்னும் புள்ளிக் கணக்கு, துறைக்கு அன்றித் தனி ஆசிரியருக்கு உரியதாயிருந்தது என்பதும், அதன் பிரதான நாட்டம் ஆராய்ச்சியாயிருந்தது என்பதும் உண்மை. ஆயினும் புள்ளி என்று ஒன்று வந்தவுடன் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஏ.பி.ஐ. புள்ளிக்காகவே பத்திரிகைகள் முளைத்தன, மாநாடுகள் முளைத்தன. பணம் கட்டினால் அச்சாகும் கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. 2018இல் அந்தக் குழுவே தான் அங்கீகரித்திருந்த பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே சமயத்தில் நீக்க நேர்ந்தது. அந்த மலையால் நம் கல்லூரி வகுப்பறை ஒன்றாவது சற்று வெளிச்சம் பெற்றது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்பவர் இருந்தால் அவரைத் தரிசிக்க எனக்கு ஆவல்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற குற்றம் ஒன்று. போதனையைக் கௌரவிக்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள், அதை ஆராய்ச்சியின் சாயலில் மாற்றி அமைத்த பிறகே கௌரவிக்கச் சம்மதிக்கிறார்கள். கட்டுரை எழுது, மாநாட்டில் பேசு, சக ஆசிரியர்களின் பரிசீலனைக்கு அனுப்பு, அப்போது உனக்கும் ஆசனம் உண்டு என்கிறார்கள். ஆராய்ச்சி ஒன்றே உயர்ந்தது என்ற பழைய தப்பெண்ணத்தை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம், அந்தத் தப்பெண்ணத்துக்கே சாஷ்டாங்கமாக நமஸ்காரம் செய்துவிட்டு, அதன் காலடியில் போதனைக்கு ஒரு சிறு மணை கேட்டு நிற்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஆசிரியனுக்கு ஒப்புமை கூறும்போது துலாக்கோலையும் ஒன்றாகச் சொன்னார். ஐயத்தை நிறுத்து உண்மையைக் காட்டும் கோல் ஆசிரியனே என்பது அவர் கருத்து. இன்றைய ஏற்பாட்டில் கோலைப் பிடிப்பவர் நிதி அலுவலர். ஆசிரியன் தட்டில் ஏறி நிற்கிறான், அவனுடைய எடைக்கு அவன் எழுதிய காகிதமே கல்.

என் சொல்லில் கடுமை ஏறிவிட்டது என்று தோன்றுமானால், வாசகர் பொறுத்தருள வேண்டும். போதனைக்குப் பணமே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. பணம் வேண்டும், மிகவும் வேண்டும். அதைப் போதனையைப் பற்றிய எழுத்துக்குக் கொடாமல் போதனைக்கு வேண்டிய பொழுதுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. வகுப்பில் பிள்ளைகளின் தொகையைக் குறையுங்கள். மணிக்கூலிக்கு உழைக்கும் இளம் ஆசிரியர்களை நிரந்தரமாக்குங்கள். ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கேட்டு, பின்னர் இருவரும் மனம் விட்டுப் பேசுவதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒழித்துக் கொடுங்கள். ஷுல்மன் வருந்திய தனிமை அதனாலேயே தீரும், ஒரு காகிதமும் செலவாகாது. இதற்கெல்லாம் புள்ளி போட முடியாதே என்று நிதி அலுவலர் வருந்துவார். வருந்தட்டும். புள்ளி போட முடியாத காரியத்துக்கு மனம் துணிந்து பணம் கொடுக்கும் சர்வகலாசாலை எதுவோ, அதுவே போதனைக்கு மதிப்புக் கொடுக்கும் சர்வகலாசாலை.