காய்ச்சலுக்கெல்லாம் ஒரே ஊசி

ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம். டெல்டாவில் அது மழையும் சம்பாவும் காய்ச்சலும் ஒன்றாக வரும் பருவம். அந்த வாரத்து மேடைகளில் குற்றவாளிகள் எப்போதும் இருவர்தான்: சீட்டில்லாமல் மாத்திரை கேட்கிற நோயாளி, கேட்டதை எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர். சமீபகாலமாகக் கேரளப் புராணமும் இதில் சேர்ந்துகொண்டது. அங்கே கடைகளில் சோதனை போட்டார்கள், விற்பனை குறைந்தது, நாமும் அப்படியே செய்தால் தீர்ந்தது என்கிறார்கள்.

கடைகளுக்குக் கடிவாளம் வேண்டியதுதான். 2012-இல் சென்னைப் பிரகடனம் எழுப்பிய குரலும், 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1-ம் நல்ல காரியங்கள். அந்த அட்டவணைப்படி, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் கார்பபெனெம்களையும் விற்கிற கடை, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் எந்தக் கிருமிக்காக இந்த மருந்து என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. சீட்டு இருக்கிறதா என்று சட்டம் பார்க்கிறது. சீட்டில் எழுதியிருப்பது பொருந்துகிறதா என்று பார்க்க ஆளில்லை. கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்கும் செஃபிக்ஸிமும் அசித்ரோமைசினும் வானத்திலிருந்து குதித்தவையா? தெருவிலுள்ள கிளினிக்குகளின் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவர் கற்றவை. கிருமி எதுவென்று பார்க்காமல் மருந்து எழுதும் ஊகத்தின் பிறப்பிடம் ஓ.பி. அறை.

இந்த ஊகத்துக்கு மருத்துவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. உயிருக்குப் போராடுகிறவரை வைத்துக்கொண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருக்க முடியுமா? முடியாது. ரத்தத்தில் கிருமி பரவி ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே மருந்து ஏற வேண்டும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த விதிக்கு ஒரு முன்பாதி இருக்கிறது: முதல் ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். அதன் பின்பாதியையும் மறக்கிறோம்: முடிவு வந்ததும் மருந்தை மாற்ற வேண்டும், குறைக்க வேண்டும், தேவையில்லாவிட்டால் நிறுத்த வேண்டும். நம் ஊர் நடைமுறையில் எஞ்சியிருப்பது நடுவிலுள்ள ஊசி மட்டும். செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம், காலை மாலை, ஐந்து நாள். காய்ச்சல் விட்டால் மருத்துவர் கெட்டிக்காரர், விடாவிட்டால் அதைவிட வலுவான மெரோபெனெம். இரண்டிலும் கிருமி யார் என்று கடைசிவரை தெரியாது. ஊகிப்பதைக் குறை சொல்லவில்லை. ஊகம் சரியா என்று ஒருநாளும் சரிபார்த்துக்கொள்ளாததுதான் என் நெடுநாள் ஆட்சேபம்.

சரிபார்ப்பது மந்திரவித்தையும் அல்ல. இரண்டு கைகளிலிருந்து தனித்தனியாக ரத்தம் எடுத்து, பாட்டிலுக்கு எட்டுப் பத்து மில்லியாகச் செலுத்தினால் போதும். கிருமி இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வளர்ந்துவிடும். அதை அகார் தட்டில் பூசி, மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை மேலே வைத்து ஓர் இரவு விட்டால், கிருமியை அடக்குகிற மருந்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். அடக்காத மருந்தின் விளிம்புவரை கிருமி மண்டிக் கிடக்கும். ஈ.கோலைக்கு செஃப்ட்ரியாக்சோன் வளையம் 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து வேலை செய்யும். 19-க்குள் அடங்கினால் செய்யாது. ஒரு ஸ்கேல் தரும் தீர்ப்பு. மைக்ரோபயாலஜி துறை உள்ள எந்த மருத்துவக் கல்லூரியிலும் தினமும் நடக்கிற வேலை இது. தஞ்சாவூரில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

டெல்டாவின் காய்ச்சல்களை எடுத்துக்கொண்டால் ஊகத்தின் விலை புரியும். தண்ணீர் நிற்கிற வயலில் எலியின் சிறுநீர் கலந்து வருவது எலிக்காய்ச்சல். புதர் மண்டிய வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். இரண்டும் தலைவலி, உடம்புவலியோடுதான் தொடங்கும். எலிக்காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் கேட்கும். ஸ்க்ரப் டைபஸுக்குக் கேட்காது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது, செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகையறாவுக்கு அதனிடம் வேலையில்லை. அதற்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை. தீவிர நோய்க்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. உலகமே படித்த அந்த ஆய்வு, ரயிலில் ஓரிரவு தூரத்திலிருந்து நடத்தப்பட்டது.

கல்ச்சரில் ஸ்க்ரப் டைபஸ் கிருமி வளராதே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் பலருக்கு அது உடம்பிலேயே ஒரு முத்திரை வைத்துவிட்டுப் போகிறது: சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுத்த பொருக்கு. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பில். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்ணைத் திரைமறைவில், ஒரு நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். நம் ஓ.பி.யில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. மாறாக டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை கிடைக்கிறது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே வைடால் எடுத்து, 1:80 என்று வந்ததும் ‘டைபாய்டு’ என்று சீட்டில் எழுதி, அதே செஃப்ட்ரியாக்சோன். டைபாய்டு காலங்காலமாக உள்ள ஊரில், தனியாக எடுத்த ஒரு வைடால் எதையும் நிரூபிக்காது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஊகத்துக்கு லேப் காகிதத்தில் ஒரு சீல் வைத்துத் தருவதைத் தவிர இங்கே அந்தச் சோதனைக்கு வேறு உபயோகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நெற்பயிருக்கு இதைவிட நல்ல மருத்துவம் நடக்கிறது. இலை நுனி காய்ந்தால் வேளாண் அலுவலர் உடனே மருந்தடிக்கச் சொல்வதில்லை. இலையை வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். பாக்டீரியா இலைக்கருகல் என்றால் வெட்டுவாயிலிருந்து கலங்கலாகக் கசிந்து இறங்கும். சத்துக்குறைவு என்றால் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அதற்குப் பிறகுதான் மருந்து. நாற்றுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை நடுகிறவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நோயைச் சொன்னால் இது எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். மெலியாய்டோசிஸ். கிருமி வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில், அதிலும் சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது. 1911-இல் ரங்கூனில் இதை முதலில் கண்டவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். நுரையீரலில் வந்தால் காசநோய் போலிருக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாகவும் வரும். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அது இயல்பிலேயே அசையாது. செஃப்ட்ரியாக்சோனை நம்பினால் ஏமாற்றும். செஃப்டாஸிடைமோ மெரோபெனெமோ குறைந்தது பத்து நாளாவது ஊசியாக, அதன்பின் கோட்ரைமாக்ஸசோல் மூன்று மாதமாவது. உலக அளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016-இல் வெளியான கணக்கு ஒன்று மதிப்பிட்டது. அதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தெற்காசியாவில். வேலூரிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்த நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். தேடுகிற இடத்தில் கிடைக்கிறது. தேடாத இடத்தில் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள், அல்லது காசநோய் மாத்திரை போகிறது.

இதற்குள் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய ஐ.சி.எம்.ஆர். ஆண்டறிக்கை வேறு. செஃப்ட்ரியாக்சோனுக்கு ஈ.கோலை பெரும்பாலும் அடங்குவதில்லை என்பது அதன் செய்தி. அந்த எண்கள் பெரிய மருத்துவமனைகளின் படுக்கைகளிலிருந்தும் ஐ.சி.யூ.க்களிலிருந்தும் வருபவை, ஊருக்குள் இருக்கிற கிருமிக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பாபநாசத்திலோ ஒரத்தநாட்டிலோ சாதாரண நீர்க்கடுப்போடு வருகிற பெண்ணுக்கு மெரோபெனெம் ஏற்ற அந்த அறிக்கையே சாக்காகிறது. நைட்ரோஃபுரன்டாயின் மாத்திரைக்கே பெரும்பாலும் அடங்கக்கூடிய நோய் அது. சொந்த ஊர்க் கிருமியின் கணக்கு கையில் இல்லாத மருத்துவர் பயந்து மேலே மேலே போகிறார். அந்தப் பயத்தைத்தான் நாம் மருத்துவம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு மாவட்டமும் தன் நோயாளிகளிடம் வளர்ந்த கிருமிகள், அவற்றை அடக்கும் மருந்துகள் என்ற பட்டியலை மேட்டூர் திறக்கும் ஜூனுக்குள் ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பட்டும். கேஸ் ஷீட்டில் முதல் ஊசி போட்ட நேரத்துக்குப் பக்கத்திலேயே, அதற்கு முன் ரத்தம் எடுத்த நேரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் கேஸ் ஷீட்டுகளை, சீட்டில்லாமல் விற்ற கடையைப் பிடிப்பது போலப் பிடிக்கட்டும். வசதியில்லை, செலவாகும் என்பார்கள். ஐந்து நாள் மெரோபெனெம் வாங்க வழியிருக்கிற இடத்தில் இரண்டு கல்ச்சர் பாட்டிலுக்கு வழியில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை.