மறுபடியும் அதே கப்பல், அதே ஆட்கள்

சொகுசுக் கப்பல் பயணம் பற்றிய கட்டுரை என்றதும் ஆங்கிலம் வாசிக்கிற நண்பர்கள் பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: டேவிட் ஃபாஸ்டர் வாலஸ். 1995 மார்ச்சில் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையின் செலவில் அவர் ஏழு இரவுகள் கரீபியன் கடலில் சுற்றினார். 1996 ஜனவரி இதழில் கட்டுரை வந்தது. அதன் நீண்ட வடிவம் அடுத்த வருடம் ஒரு தொகுப்பில் சேர்ந்தபோது, அதன் தலைப்பே நூலின் தலைப்பும் ஆனது. தமிழில் தோராயமாகச் சொன்னால், 'ஜாலியாக இருக்கும் என்று சொல்லப்படுகிற, நான் இனி ஒருபோதும் செய்யப்போகாத ஒரு காரியம்'.

இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் முதல் தடவை படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு நாலைந்து தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கட்டுரை பழசாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அறையைத் துடைத்து வைக்கும் பணிப்பெண், கழிப்பறை உறிஞ்சும் சத்தம், விளம்பரப் புத்தகத்தின் தேன் தடவிய மொழி என்று அவர் கவனித்த எல்லாம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. எனக்கு உறுத்த ஆரம்பித்தது தலைப்பில் இருக்கிற அந்த 'இனி ஒருபோதும்'.

இரவுச் சாப்பாட்டுக்கு வாலஸ் உட்கார்ந்தது 64ஆம் எண் மேசையில். அந்த மேசையில் முதல் தடவை கப்பல் ஏறியவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சிலர் ஏற்கெனவே பழக்கமானவர்கள். ஒரே மேசைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானவர்களை அவருக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவர் அந்த மேசையில் வைத்துக் கேட்கவில்லை: இத்தனை தடவை போன நீங்கள் ஏன் மறுபடியும் வருகிறீர்கள்? கேட்கத் தேவையில்லாதபடி அவரிடமே ஒரு பதில் தயாராக இருந்தது. கப்பல் மனிதனைச் சீராட்டிக் குழந்தையாக்குகிறது, சாவு பயத்தை மூடி வைக்கிறது, அந்தச் சீராட்டல் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. தனியாக, ஒரே ஒரு தடவை போன ஒருவர் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறந்த பதில் அது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் வேறு பதில் இருந்திருக்கலாம்.

இப்படிச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணம் உண்டு. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் பெற்றோர் திண்டுக்கல்காரர்கள், இரண்டு பேரும் ரிட்டயர்டு. 2016இல் பிள்ளைகள் வற்புறுத்தி அவர்களை சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணம். (ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு 'ரஜூலா' பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த அதே கடல் பக்கம்தான். அதில் போனவர்கள் பஃபேக்காகப் போகவில்லை.) கப்பலில் இரண்டு ஜோடிகள் பழக்கமானார்கள். ஒன்று ஈப்போ, ஒன்று கோயம்புத்தூர். அன்றிலிருந்து, கொரோனா வருடங்கள் நீங்கலாக, மூன்று ஜோடிகளும் பேசி வைத்துக்கொண்டு அதே பாதையில் போய் வருகிறார்கள். மகளுக்கு இது பிடிபடவில்லை. "அதே ரூட்டுங்க. போன தடவை பினாங்குல கீழயே எறங்கல. கப்பல்லயே உக்காந்து சீட்டு ஆடிருக்காங்க. அந்தக் காசுக்கு ஐரோப்பா பாத்திருக்கலாம்."

அந்தப் பெரியவரிடம் பேசினேன். கப்பலைப் பற்றி அவர் சொன்னது ரொம்பக் குறைவு. ஈப்போக்காரர் காப்பிக்குச் சர்க்கரையை விட்டுவிட்டார், கோயம்புத்தூர் அம்மா இப்போது லிஃப்ட் பக்கத்து கேபின்தான் கேட்கிறார். இந்த மாதிரி விஷயங்கள். "ஊர்ல நாங்க அதிகமா பாத்துக்கிட்டதில்ல தம்பி. ஒரு தடவை எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாங்க. என்னமோ ஒட்டல. கப்பல்லதான் பேச்சு வருது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு இடம் கொடுக்கிற பயண எழுத்து தமிழில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். நம் முன்னோடிகள் சாதாரண ஆட்கள் இல்லை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் தன்னை ஒளித்துக்கொண்டு எதிரே வருகிற மனிதரை முன்னால் நிறுத்துகிறவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக, அது 1940இல் வெளியாகும்வரை, கண்டம் கண்டமாக அலைந்தவர். ஆனால் அவருடைய மனிதர்கள் வந்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, போய்விடுவார்கள். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) நண்பர்கள் சேர்ந்து போன புத்தகம். வழிநெடுக நடக்கும் பேச்சும் கேலியும்தான் அதில் எனக்குப் பிடித்தது. இருவருமே வானொலியில் வேலை பார்த்தவர்கள், ஏற்கெனவே சிநேகிதர்கள். அவர்களுடைய நட்பு வீட்டிலிருந்தே வண்டியேறி வந்துவிடுகிறது. இப்போது வருகிற லடாக், காசி, இமயமலைக் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பார்வையின் பரவசம்தான் அவற்றின் பெட்ரோல். பல கட்டுரைகளில் அந்தப் பரவசத்துக்குத் தொந்தரவாக வருவதே கூட வந்த ஆட்கள்தான்.

மறுபடி போகிற பயணம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்து வளர்ந்தது நத்தத்தில். தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலை பாதயாத்திரைக்காரர்களுடையது. குன்றக்குடி, காரைக்குடிப் பக்கமிருந்து பழனி தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் சிங்கம்புணரி தாண்டி நத்தம் வந்து, கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல் போவார்கள். நகரத்தார் காவடிக்கு நூற்றாண்டுக் கணக்கில் வரலாறு உண்டு. அவர்கள் பின்னாலும் தனியாகவும் சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வரும் குழுக்களுக்குக் கணக்கில்லை. ராத்திரியில் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் பளிச்சிட வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் வீடு அந்தச் சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு தையிலும் ஒரு குழு வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போகும். ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. வழியில் சேர்ந்து நடந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள். திருமயத்து அண்ணன் ஒருவர், தேவகோட்டை ஆச்சி ஒருவர், சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறவர் ஒருவர், இப்படி ஒன்பது பேர். பழனியில் சாமி பார்த்து பஸ் ஏறியதும் கலைந்துவிடுவார்கள். அடுத்த மார்கழிக் கடைசிவரை போன்கூட அநேகமாகக் கிடையாது. 2018இலிருந்து நானும் நத்தம் தொட்டுத் திண்டுக்கல் வரை அவர்களோடு நடக்கிறேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பக்தி எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள்.

அந்த ஆச்சிக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. ஒரு வருடம் அம்மா வழக்கம்போல ஒன்பது டம்ளர் எடுத்து வைத்தார். எட்டுப் பேர்தான் வந்தார்கள்.

"திருமயத்து அண்ணன் வரலியா ஆச்சி?"

"அவுக இல்லம்மா. ஆடியிலயே போய்ட்டாக."

அப்புறம் கொஞ்ச நேரம் மோரில் உப்பு சரியாக இருப்பதைப் பற்றித்தான் பேச்சு. ஒன்பதாவது டம்ளரை அம்மா உள்ளே எடுத்துப் போகவில்லை. சிங்கப்பூர்க்காரர் இரண்டாம் தடவை கேட்டபோது அதில் ஊற்றிக் கொடுத்தார்.

ஆடியில் நடந்த சாவு எங்கள் வீட்டுக்குத் தையில்தான் வந்து சேர்ந்தது. மறுபடி போகிற பயணத்தின் காலண்டர் இப்படித்தான் ஓடும். முதல் தடவை போகிறவருக்கு அதில் இழக்க ஆளே கிடையாது. வாலஸ் கட்டுரையின் அடியில் ஓடுவதும் சாவு பயம்தான்; ஆனால் அது தனியாக அறையில் படுத்துக் கடலைப் பார்க்கிறவனின் பயம். 64ஆம் மேசைக்காரர்களுக்கு, அடுத்த தடவை எந்த நாற்காலி காலியாக இருக்கும் என்ற பயம் இருந்திருக்கக்கூடும். அதைப் பற்றி அவர்கள் பேசியிருக்க மாட்டார்கள். சாப்பாடு போன தடவைபோல இல்லை என்றுதான் பேசியிருப்பார்கள்.

இந்தக் குழுவுக்கு ஒரு கணக்கு நோட்டு உண்டு. 2009இல் ஆரம்பித்தது, வருடத்துக்கு ஒரு பக்கம். மேலே பெயர்கள், பக்கத்தில் ஆளுக்குப் போட்ட காசு, கீழே அரிசி, பருப்பு, தைலம், சாமான் வேன் வாடகை. ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள்: 'சமுத்திராபட்டியில் மழை', 'புது ஷூ, கொப்புளம்', 'செருப்பே மேல்'. கரந்தமலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு பெரிய மலை பக்கத்திலேயே நிற்கிறது! நான் இதைப் பயண இலக்கியமாகத்தான் வாசிக்கிறேன், கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தைத் தனியாகப் பிய்த்தால் அது மளிகைச் சீட்டு. பதினைந்து பக்கத்தை அடுத்தடுத்து வைத்தால்தான் அதில் எழுத்து இருப்பது தெரிகிறது. என் தொழிலில் முழு புரோகிராமையும் யாரும் வாசிப்பதில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்கிற 'டிஃப்'பைத்தான் வாசிப்போம். இந்த நோட்டையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். பெயர்களின் வரிசை மாறாது. வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருக்கும். திருமயத்து அண்ணனுக்கும் அந்த வருடம் 'வரவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடப் பக்கத்தில்தான் பெயர் இல்லை. எந்த எழுத்தாளரும் துணியாத நிதானம் இது.

இதை ரொம்ப இனிப்பாக்கவும் கூடாது. மானுடவியலாளர் ஐராவதி கார்வே பண்டர்பூர் வாரியில் நடந்து மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். 1962இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. சேர்ந்து நடக்கிறவர்களின் நெருக்கத்தை அவரைப்போல எழுதியவர் குறைவு. அவரேதான், ஒரே திண்டியில் பாடிக்கொண்டு நடந்த பிராமணர்களும் மராத்தாக்களும் தனித்தனியாகச் சமைத்து, தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதையும் மனம் நொந்து எழுதினார். வருடாவருடம் சேர்ந்து போகும் பழக்கம், பிரிந்து உட்காரும் பழக்கத்தையும் வருடாவருடம் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகும். நத்தம் சாலையிலும் யார் யாரோடு சேர்கிறார்கள், யார் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் தற்செயல் இல்லை. எங்கள் வாசலில் உட்கார்ந்தவர்கள் ஊரின் எல்லா வாசலிலும் உட்கார்வார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். கப்பலில் இந்தச் சலிப்பு வேலையைக் காசு முன்கூட்டியே முடித்துவிடுகிறது. அதோடு, பழகிய கூட்டம் புதியவனுக்குச் சுவர். முதல் வருடம் கோபால்பட்டி வரும்வரை என்னிடம் ஒருத்தரும் பேசவில்லை. அவர்கள் சிரித்த ஜோக்குக்கெல்லாம் 2011இல் அங்கே இருந்திருக்க வேண்டும்.

மறுபடி வருகிறவர்களின் அருமை கப்பல் கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரியும். ராயல் கரீபியனின் விசுவாசத் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 700 சேர்ந்தால் உச்சப் படி. எங்கள் மீட்டிங்குகளில் இதற்கு 'ரிட்டென்ஷன்' என்று பெயர். இரவுகளை எண்ணும் அந்தக் கணக்கில் கூட உட்கார்ந்தவர் யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியாவின் 'எம்ப்ரஸ்' கப்பலே, 1990இல் ராயல் கரீபியனுக்காக வேறு பெயரில் கடலுக்கு வந்ததுதான். கப்பல்கூட மறுபடி போகிறது. அதைப் பற்றித் தமிழில் வந்து நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் முதல் தடவை போனவர் முதல் தடவை போகப்போகிறவருக்காக எடுத்தவை: கேபின் எவ்வளவு அகலம், பஃபேயில் என்ன, கொடுத்த காசுக்குத் தகுமா. வாலஸிடமிருந்து மூளையைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருக்கும் பார்வை அது.

திண்டுக்கல் பெரியவருக்கு வாலஸ் கட்டுரையின் அந்த மேசைப் பகுதியைப் போனில் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பணிப்பெண் விஷயத்துக்குச் சிரித்தார், "கரெக்ட்டு, எப்ப வந்து தொடைக்கிறாங்கன்னே தெரியாது" என்றார். சாவு, குழந்தை, சீராட்டல் தத்துவத்துக்கு "ம்ம்" மட்டும்தான். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மேசைக்காரங்க அடுத்த வருஷம் போனாங்களா தம்பி?"

கட்டுரையில் அது இல்லை.