சிக்கனத்தில் பிறந்த தாளம்: பழைய வீடியோ கேம் ஒலியும் பீட் ஆல்பங்களும்

பாட்டு வரிகள் இல்லாமல், தாளக்கட்டையும் சிறு மெட்டையும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அமைக்கப்படும் இசைத்துண்டு ‘பீட்’ எனப்படுகிறது. பழைய வீடியோ கேம்களின் ஒலியை மூலப்பொருளாகக் கொண்டு இத்தகைய துண்டுகளை ஆல்பமாகத் தொகுப்பது இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. சிறுவயது நினைவின் ஏக்கம் என்று அதை ஒதுக்குவோர் உண்டு. ஏக்கம் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் நினைவகச் சில்லுகள் விலை மிகுந்திருந்த காலத்தின் சிக்கனத்திலிருந்தே அந்த இசை பிறந்தது.

1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியில் ஐந்து ஒலித்தடங்களே இருந்தன: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவுசெய்த துணுக்கொலிக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 1990களில் ‘கேசட்’ செருகி விளையாடப்பட்ட மலிவான கருவிகளில் பல இதன் நகல்களே. சதுர அலைகள் மெட்டைச் சுமந்தன. முக்கோண அலையின் ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எனவே அது அடிநாதமாக நின்றது. இரைச்சல் மத்தளமாயிற்று. சேர்ந்தொலிக்க வேண்டிய மூன்று சுரங்களுக்குத் தடம் போதாதபோது, அவற்றை ஒரே தடத்தில் மின்னல் வேகத்தில் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டார்கள். அந்தக் கால விளையாட்டுகளில் கேட்கும் ‘கிர்ர்’ என்ற நடுக்கம் இப்படி வந்ததுதான்.

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு, படமும் ஆட்டமும் இசையுமாக மொத்தம் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் நீண்ட இசைக்கு இடமேது? அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ சில நிமிடங்கள்கூட நீளாத மெட்டுகளை, ஆயிரம் முறை கேட்டாலும் சலிக்காதபடி வட்டமாக முடித்துக் கட்டினார்.

அதே தசாப்தத்தில் அமெரிக்க ஹிப்ஹாப் கலைஞர்களும் இதே நெருக்கடியில் இருந்தனர். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற தாளக்கருவியில் ஏறத்தாழ 10 நொடி ஒலியை மட்டுமே பதிய முடிந்தது. இடத்தை மிச்சப்படுத்த, இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் மெதுவாக்கினார்கள். அப்போது ஏறிய கரகரப்பே அந்தக் காலத்து பீட்டின் அடையாளமானது. விளையாட்டுச் சில்லும் தாளக்கருவியும் பிற்காலத்தில் ஒரே ஆல்பத்தில் இயல்பாகச் சேர்ந்ததற்கு இந்தப் பொதுப் பஞ்சமே காரணம்.

விளையாட்டொலி ஆல்பத்துக்குள் வருவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் நான்கே சுரங்கள் இறங்கி இறங்கி, எதிரிகள் நெருங்க நெருங்க விரைவடைந்தன. அதே ஆண்டு யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானியக் குழு தன் முதல் ஆல்பத்தில் வீடியோ கேம் விளையாட்டரங்குகளின் ஒலிகளைச் சேர்த்தது. அக்குழுவின் ஹருவோமி ஹொசொனோ 1984இல் நாம்கோ நிறுவனத்தின் கேம் ஒலிகளைக் கொண்டு ‘வீடியோ கேம் மியூசிக்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். 2000இல் யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய எல்எஸ்டிஜே என்ற மென்பொருள், கையடக்க கேம்பாயையே இசைக்கருவியாக்கியது. 2017இல் லண்டனின் ஹைப்பர்டப் நிறுவனம் பழைய ஜப்பானிய விளையாட்டிசையைத் தொகுத்து வெளியிட்டபோது, அந்த இசை தன் பெயரிலேயே ஆல்பமாகக் கேட்கத் தக்கது என்பது உறுதியானது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய முன்னோடி சரண்ஜித் சிங். 1982இல் அவர் ரோலண்ட் நிறுவனத்தின் தாளக்கருவியையும் பேஸ் கருவியையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்தார். அன்று கவனிப்பாரற்றுப் போன அந்த ஆல்பம் 2010இல் மறுபதிப்பான பிறகே உலகக் காதுகளை எட்டியது.

தமிழுக்கு இந்தக் கதையில் இன்னும் நேரடியான பங்கு உண்டு. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா பயன்படுத்திய யமஹா சிஎக்ஸ்5எம், எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த வீட்டுக் கணினி. அவ்வகைக் கணினிகளில் விளையாட்டுகளும் ஓடின. அதன் ஒலிப்பகுதியில் இருந்த வொய்எம்2151 என்ற சில்லுதான் அதே 1986இல் வந்த செகா நிறுவனத்தின் அவுட் ரன் விளையாட்டிலும், 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் அரங்குப் பதிப்பிலும் ஒலித்தது. கோடம்பாக்கத்து ஒலிக்கூடமும் தோக்கியோவின் விளையாட்டரங்கும் ஒரே சில்லில் பேசிய அந்தத் தருணம் இசை வரலாற்றில் போதிய அளவு எழுதப்படவில்லை. தமிழின் பங்கு அதோடு நிற்கவில்லை: 2023இல் டொரான்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ என்ற விளையாட்டு, தமிழ்த் திரையிசையின் பல காலகட்டச் சாயல்களைத் தன் பாடல்களில் கொண்டுவந்தது. அதற்கு 2024இல் பாஃப்டா விருதும் கிடைத்தது.

இந்த வகை ஆல்பங்களில் தேர்ந்தவை எவை என்று காண்பது எளிது. நாணயம் எடுக்கும் ‘டிங்’ ஒலியை ஆங்காங்கே ஒட்டிவைத்தால் அது அலங்காரம் மட்டுமே. விரைந்த மெட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கி, அதனுள் மறைந்திருந்த சோகத்தையோ நிதானத்தையோ வெளிக்கொணர்பவர்தான் கலைஞர். நான்கு ஒலித்தடங்களுக்கு மேல் சேர்க்க மாட்டேன் என்று தனக்குத் தானே வேலி போட்டுக்கொள்பவரின் ஆல்பம் பெரும்பாலும் மேலானதாகவே அமைகிறது.

பனியன் தொழில் சூழ்ந்த அவிநாசி வட்டத்துச் சேவூர் போன்ற ஊர்களின் காதுக்கு இது அந்நியமான இசையல்ல. பனியன் துணியே ஒன்றுக்குள் ஒன்று கோத்த ‘லூப்’களால் ஆனது, பீட் இசையின் அடிப்படை அலகுக்கும் அதே பெயர்தான். நிட்டிங் மிஷினின் சுழற்சி, ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் விரைவு, பேட்லாக் தையல் இயந்திரத்தின் விட்டுவிட்டு வரும் ஓட்டம், கோவில் திருவிழாவின் துடும்பு, பம்பை எல்லாம் பதிவுக்குக் காத்திருக்கும் மூலப்பொருள். ஒரு செல்போனும் ஒரு இலவசச் செயலியும் போதும். ஜப்பானியச் சில்லின் ஒலியை நகலெடுப்பதோடு நிற்காமல், இந்தப் பகுதி இளைஞர்கள் துடும்பின் ஓர் அடியைப் பழைய கேம் கருவிகளைப் போல எட்டு பிட்டுக்குச் சுருக்கி, அதன்மேல் தங்கள் முதல் ஆல்பத்தைக் கட்ட வேண்டும்.