தெருமுனை வரை வரும் துணை

மாலை ஐந்து மணிக்கு முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். பெண்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இலை, தூள், நூல் எல்லாம் அந்தச் சுளவுக்குள்ளேயே இருக்கும். சுற்றியதைப் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அன்றைய கணக்குக் குறையும்போது, பள்ளிவிட்டு வந்த மகளும் பக்கத்தில் உட்கார்வாள். ஒருநாள் உட்கார்ந்தவள் பரீட்சை நேரத்திலும் உட்கார்வாள். அப்புறம் பள்ளிப் பக்கமே போகமாட்டாள். இங்கே இடைநிற்றல் பல வீடுகளில் இப்படித்தான், யாரும் முடிவெடுக்காமலே நடந்துவிடுகிறது.

இதைக் கவனிக்க அதே தெருவிலிருந்து ஒருவரைப் பிடித்ததுதான் இல்லம் தேடிக் கல்வியின் கெட்டிக்காரத்தனம். கொரோனாவில் பள்ளிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது. தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ போதும், அதற்கு மேல் பட்டம் வேண்டும் என்றார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியர் தெரிந்துகொள்வது பிள்ளை வரவில்லை என்பதை மட்டும்தான். தெருவில் பாடம் சொல்லும் அக்காவுக்கோ காரணமும் தெரியும். அப்பா குடித்துவிட்டு வந்து ரகளை செய்தது தெரியும், பிள்ளை பெரியவளானது தெரியும், ஆச்சிக்கு முடியாமல் போனதும் தெரியும். "ஏட்டி, நேத்து ஏன் வரல?" என்று வாசலில் நின்று அவள் கேட்பதற்கு இணையாக எந்தச் சுற்றறிக்கையும் வேலை செய்யாது.

அவளுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு முப்பத்துச் சொச்சம். அதைச் சம்பளம் என்று சொல்ல அரசுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஊக்கத்தொகை என்றார்கள். கல்யாணமோ வேலையோ வந்தால் அவள் போய்விடுவாள். அவளோடு அந்தத் தெருவின் பாட மையமும் போய்விடும்.

ஊரை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் காலத்து மதிய உணவு 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடையில் நடந்தது. பிறகு செலவில் 60 விழுக்காட்டை அரசும் 40 விழுக்காட்டை ஊரும் ஏற்பது என்றானது. விளைச்சல் பொய்த்த வருஷம் கொடுக்கிற கை சுருங்கத்தானே செய்யும்? 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அரசுச் செலவில் நடந்ததால்தான் உலை நிற்காமல் கொதித்தது. ஊர் தொடங்கிவைக்கும், அதைத் தொடர்ந்து நடத்த அரசுதான் வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டோம். 2021இல் ஏனோ மறந்துவிட்டோம்.

பணக் கணக்கை விடுங்கள், எப்படியாவது சரிசெய்யலாம். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 'ஊர்' என்று நாம் ஒருமையில் சொல்வது நெல்லையில் சாதிக்கொன்றாகப் பல தெருக்கள். அக்காவின் திண்ணைக்கு அவள் தெருப் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த தெருப் பிள்ளைகள் வருவார்களா? சிறு வயதில் இது வெளியே தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை ஊர் தாண்டிப் பேருந்து ஏறும்போது தெரியவரும். 8ஆம் வகுப்போடு அக்காவின் பொறுப்பும் முடிந்துபோனது. இடைநிற்றல் அதிகமாவது அதற்குப் பிறகுதான். பணம் தருவதிலும் இதே இடைவெளிதான். பிரேசிலில் 2003இல் வந்த போல்சா பமீலியா திட்டம், பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே குடும்பத்துக்குப் பணம் தந்தது. நம் புதுமைப் பெண் திட்டமோ கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த பெண்ணுக்குத்தான் மாதம் 1,000 தருகிறது. ஒன்பதிலும் பத்திலும் நின்றுபோனவளுக்கு அதனால் என்ன பயன்?

நாங்குநேரிக்கு வருவோம். 2023இல் அங்கே ஒரு பிளஸ் டூ மாணவன் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்ததற்குக் காரணம் வறுமை இல்லை, கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை. பள்ளி விசாரித்தது. புகார் எழுதிக் கொடுத்தார்கள். நியாயப்படி நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. ஆகஸ்ட் 9 அன்று இரவு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பிள்ளையைத் திரும்ப அழைப்பது மட்டும் போதும் என்று நினைக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. அவன் காயங்களோடு பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 எடுத்தான். அந்தப் பெருமை அவனுடையது, நம்முடையது அல்ல.

நாங்குநேரிச் சம்பவத்தையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பறையில் அகரவரிசை போடலாம், பேருந்தில் யார் போடுவது? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வெழுதப் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் பேருந்தை மறித்து, கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. தாமிரபரணிக் கரையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைச்சல் இல்லை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நாம். அந்த ஆக்ஸ்போர்டுக்குப் போகும் வழிதான் அது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோருக்குத்தான். அதில் இருக்கும் அம்மாமார்களே, அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் எழுந்துபோகாமல் இருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டை வாங்கி, ஒரு வாரமாக வராத பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை உங்கள் தெரு இல்லை என்றாலும், எந்தப் பேருந்தில் வருகிறது, அதில் யாரோடு வருகிறது என்று கேளுங்கள்.